மொட்டை மாடி என்பது கூரையல்ல

பவளக்காரன் காலனி 'சி' பிளாக்குக்கு மொட்டை மாடி கிடையாது என்று ரக்ஷிதாவுக்குத் தெரியவந்தபோது, அவள் கையிலிருந்த டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அதைக் குடிக்க மறந்துவிட்டாள்.

திரையில் கட்டடம் அச்சு அசலாக நின்றது. தரைத்தளம், அதற்கு மேல் மூன்று மாடி, பதினாறு வீடு. முதல் மாடி ஜன்னல் கம்பியில் எவனோ எப்போதோ பந்தடித்து வளைத்த வளைவுகூடத் தப்பவில்லை. ஆனால் படிக்கட்டு மூன்றாவது மாடியோடு நின்றுவிட்டது. மேலே கைப்பிடிச் சுவர் இல்லை. தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில், திறக்கும்போதெல்லாம் ஊரைக் கூட்டுமே, அந்தத் தகரக் கதவும் இல்லை. வழித்துவிட்டதுபோல ஒரு சிமெண்ட் பலகை, அவ்வளவுதான். மொட்டை மாடிக்கே மொட்டை போட்டிருந்தார்கள்.

சென்னையின் வடக்கு ஓரத்தைக் கடல் கேட்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. கடல் கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வது? இடப்பெயர்ப்பு ஆணையம் என்று ஒன்றை உண்டாக்கி, கரையோரக் குடியிருப்புகளை ஒவ்வொன்றாக அளந்து, பிரித்து, பெரியபாளையத்துக்கு அப்பால் மேட்டு நிலத்தில் மறுபடி அப்படியே கட்டிக்கொண்டிருந்தார்கள். 'உங்கள் வீடு, அதே வீடு' என்று கண்ட சுவரிலெல்லாம் எழுதியும் வைத்தார்கள். கட்டுவது ஆட்கள் இல்லை, இயந்திரங்கள். அவை கணினியில் வரைந்த மாடலில் இருப்பதைக் கட்டும். மாடலில் இல்லாதது அவற்றுக்கு உலகத்திலேயே இல்லை.

இந்த மாடல் விவகாரம்தான் ரக்ஷிதாவின் பிழைப்பு. வீட்டை அளக்கிற மென்பொருள் ஒரு கம்பெனியுடையது, வரைகிற மென்பொருள் இன்னொரு கம்பெனியுடையது, கட்டுகிற இயந்திரம் மூன்றாவது கம்பெனியுடையது. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. அதற்காக உலகத்தார் கூடி உண்டாக்கியதுதான் பொதுமொழி. அது யாருக்கும் சொந்தமில்லை, யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம். இது சுவர், இது கதவு, இது கூரை என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பொதுப்பெயர் உண்டு. எவன் வரைந்தாலும் எவனுடைய இயந்திரமும் வாசித்துக்கொள்ளும். நல்லவர்கள் யோசித்துச் செய்த நல்ல காரியம், குறை சொல்லக் கூடாது. ஆனால் எத்தனை நல்ல மொழியிலும் இல்லாத சொல் என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்? அப்படிப்பட்ட இடங்களில் பெயர் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

'சி' பிளாக்கை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். ஏன் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. அவள் பிறந்தது அந்த மொட்டை மாடியில். பெருவெள்ளம் வந்த வருஷம், தண்ணீர் முதல் மாடியைத் தொட்ட நாளில், படகு வருவதற்கு முன்னால் அவள் வந்துவிட்டாள். ரக்ஷிதா என்ற பெயர் பள்ளிக்கூடத்துக்குத்தான் பயன்பட்டது. காலனியில் அவளுக்கு 'மாடி' என்றுதான் பெயர். நாற்பத்தாறு வயதாகி, தலையில் நரை விழுந்த பிறகும், யாராவது "ஏ மாடி" என்று கூப்பிட்டால் சட்டென்று திரும்பிவிடுவாள்.

சித்திரை மாதத்தில் அந்த மாடி எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்க வேண்டும். பகலெல்லாம் வாங்கிவைத்த வெயிலை அது சாயங்காலம் திருப்பித் தரும். யாராவது ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் வீசினால் புஸ்ஸென்று ஆவி எழும். அந்த வாசனையை எந்த மாடலிலும் எழுத முடியாது. அப்புறம் கரண்ட் போகும். போனவுடன் பதினாறு வீட்டிலிருந்தும் ஒரே குரலில் 'ஹோ' என்று ஒரு சத்தம் எழும். பாயும் தலையணையுமாகப் படியேறி வரும் கூட்டம். கோடையில் காலனியே அங்கேதான் கிடந்தது. சண்டை, சமாதானம், பரீட்சைக்குப் படிப்பு, திருட்டுப் போன் பேச்சு, எதற்கும் அந்த ஒரே இடம். தூரத்தில் துறைமுகத்துக் கப்பல் விளக்குகள் தெரியும். அவள் அப்பா கடைசி வருஷங்களில் கீழே தூங்கியதே இல்லை.

அவர் போனபிறகு அம்மா புவனா மட்டும் அந்த மாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆணையத்துக்காரர்கள் சம்மதம் கேட்டு வந்தபோது, காலனியிலேயே முரண்டு பிடித்தவள் அவள்தான். "கடலு வரட்டும், நான் மேல ஏறிக்கிறேன்" என்றாள். ரக்ஷிதா பக்கத்தில் உட்கார்ந்து, "மாடியோடதாம்மா குடுப்பாங்க. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தாள். புவனா சம்மதித்ததும் மற்றப் பதினைந்து வீடும் சம்மதித்தது. ஆக, அங்கே போய்ச் சேர்ந்தால் எல்லோரும் கேட்கப்போவது அரசாங்கத்தை அல்ல, அவளைத்தான். அதிலும் முதல் ஆளாக அம்மா கேட்பாள்.

வெள்ளிக்கிழமை மாடலைப் பூட்டிவிடுவார்கள். பூட்டியது பூட்டியதுதான்.

எங்கே தவறு என்று தேடியதில் அளவெடுத்த நாளின் குரல்பதிவு கிடைத்தது. அளவெடுக்க வந்த பையன் கேட்கிறான்: "மேல என்னம்மா இருக்கு?" பதில் சொல்கிற குரலைக் கேட்டதும் ரக்ஷிதா பதிவை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள்.

"மேல இன்னா கீது? ஒண்ணியும் இல்ல. மொட்ட மாடிதான்."

சாட்சாத் புவனாதான். நம்மில் யாரைக் கேட்டாலும் அப்படித்தானே சொல்வோம்? ஒன்றுமில்லை, மொட்டை மாடிதான். மென்பொருள் அதில் முதல் பாதியைக் கேட்டுக்கொண்டது.

*

மாடலைக் கடைசியாகச் சரிபார்த்துப் பூட்டுகிறவர் ஜெபசிங். பாளையங்கோட்டைக்காரர். முப்பது வருஷம் சென்னையில் இருந்தும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். அவர் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் ரக்ஷிதா.

"சார், மேல ஒண்ணும் இல்லன்னு பதிவானதால உச்சித் தளத்த கூரைன்னு எழுதியிருக்கு."

"செரிதான? மேல இருக்கது கூரைதான?"

"கூரைன்னா ஆள் ஏற மாட்டாங்க சார். ஆள் ஏறாத இடத்துக்கு எதுக்குப் படிக்கட்டுன்னு படிக்கட்ட எடுத்திருச்சு. படிக்கட்டு இல்லாததால கதவ எடுத்திருச்சு. யாரும் நிக்காத எடத்துல யார் விழப்போறாங்கன்னு கைப்பிடிச் சுவரையும் எடுத்திருச்சு. ஒரே ஒரு வார்த்தை சார்."

"சில ஊர்ல கூரை சரிவா இருக்கும். பனி விழுந்தா வழுக்கிட்டுப் போவணும்லா. அங்க ஏறுனா பூனைதான் ஏறும். அவங்களுக்கு அந்த வார்த்தை சரியாத்தான் இருக்கு. நாமதான் கூரை மேல பாய் விரிச்சுப் படுக்க சனம்." ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தளம்னு மாத்திப் பாருங்க."

"பாத்துட்டேன். தளம்னா அஞ்சாவது தளமாயிடுது. அஞ்சு தளத்துக்கு அனுமதி இல்ல. அனுமதி கிடைச்சாலும் மேல ஒரு சீலிங் வேணும்னு கேக்குது."

"பால்கனி?"

"பால்கனின்னா எந்த வீட்டோடதுன்னு கேக்குது. பதினாறு வீட்டுல எந்த வீட்டச் சொல்றது? எங்க காலனி உங்களுக்குத் தெரியாது சார். ஒருத்தர் பேர எழுதினா மத்த பதினஞ்சு பேரும் என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க."

"வகையில்லாத பொருள்னு போட்டுவிட்டா?"

"போட்டா இயந்திரம் அந்த அளவுக்கு ஒரு சிமெண்ட் கட்டிய வார்த்து மேல வெச்சிட்டுப் போயிடும். போன மாசம் ஒரு மசூதியில அப்படித்தான், கை கால் கழுவுற தொட்டிக்குப் பதிலா ஒரு திண்டு வந்து உக்காந்திருக்கு."

ஜெபசிங் சிரித்தார். சிரித்தபிறகு அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். "மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுத வேலைம்மா நம்ம வேலை. புதுச் சொல்லுக்கு விண்ணப்பம் போடலாம். பொதுமொழி யாரு வீட்டுச் சொத்தும் இல்ல, யாரும் கேக்கலாம். ஆனா உலகம் பூரா ஒத்துக்கணும். நாலஞ்சு வருசம் ஆவும்."

"எங்கம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு சார்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

*

தற்காலிக முகாமில் வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகைகள். புவனா வாசலில் முக்காலி போட்டு, முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகாமுக்கு வந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு பாதி. மகளைப் பார்த்ததும் "சாப்ட்டியா" என்றுகூடக் கேட்கவில்லை.

"மாடி கீதா?"

"கீதும்மா."

"மூஞ்சப் பாத்தா அப்டித் தெர்லியே."

அம்மாவிடம் பொய் சொல்வதென்றால் முகத்தை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். ரக்ஷிதா முழுவதையும் சொன்னாள். குரல்பதிவை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லி அம்மாவுக்கு என்ன ஆகப்போகிறது?

புவனா நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். "இன்னான்னு எழுதணுமாம் இப்ப?"

"பேரு எழுதணும்னா அது எதுக்குன்னு சொல்லணும். ஒரே ஒரு காரணம்."

"துணி காயப்போடன்னு எழுதேன்."

"அதுக்கு வீட்டுக்குள்ளயே மெஷின் இருக்குன்னு சொல்லும்."

"ஒங்கப்பா தூங்கறதுக்குன்னு எழுது." சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "எதுக்குன்னு கேக்கறானா? அன்னிக்கு வெள்ளத்துல பதினாறு குடும்பத்தையும் எது வெச்சிக் காப்பாத்திச்சு? எனக்கு வலி எடுத்துக்கிச்சு, டேங்க் பக்கம் நாலு பொடவய கட்டித் தொங்கவுட்டு, நர்ஸ் ரோசியக்காதான் உன்னிய எடுத்தாங்க. சுத்தித் தண்ணி. அதைவுட்டா அன்னிக்கு நமக்கு எங்கடி போக்கிடம்?"

ரக்ஷிதா எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னாடி?"

"போக்கிடம்" என்றாள் ரக்ஷிதா. "அதாம்மா."

*

தீப்பிடித்தாலோ வெள்ளம் வந்தாலோ ஆட்கள் ஓடிப்போய் நிற்பதற்கென்று பெரிய கட்டடங்களில் ஓர் இடம் விடுவார்கள். பொதுமொழியில் அதற்குப் பெயர் உண்டு: புகலிடம். அதற்கு உரிமையாளர் தேவையில்லை. சீலிங் தேவையில்லை. படிக்கட்டு கட்டாயம் வேண்டும். கதவுக்குப் பூட்டு இருக்கக் கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாமல் அனுமதியே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜெபசிங் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உச்சித் தளத்தைச் சொடுக்கி, கூரை என்ற சொல்லை அழித்து, புகலிடம் என்று எழுதினாள். சரசரவென்று படிக்கட்டு நான்காவது முறையாகத் திரும்பி மேலே ஏறியது. கதவு முளைத்தது. நாலு பக்கமும் சுவர் எழும்பியது. ரக்ஷிதா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆபீசில் அழக் கூடாதென்று ஒரு வைராக்கியம் அவளுக்கு உண்டு.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் ஜெபசிங். "ஆனா ஒண்ணு. ஒரு வார்த்தைய எடுத்தா அதோட வாலும் சேர்ந்து வரும். புகலிடத்துக்குன்னு தனி விதி இருக்கு. முழுசும் படிச்சீங்களா?"

"கட்டறதுக்கு உள்ளத படிச்சேன். மத்தத அப்புறம் பாத்துக்கலாம் சார்."

"பாத்துக்கலாம்" என்று அவரும் சொல்லிவிட்டு மாடலைப் பூட்டினார். நம் ஊரில் பாதிக் காரியங்கள் இந்த ஒரு சொல்லால்தான் நடக்கின்றன. மீதிப் பாதி இதனால்தான் கெடுகின்றன.

*

அடுத்த சித்திரையில் குடியேறினார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதே பச்சைச் சாயம், அதே வளைந்த கம்பி, அதே குறுகலான நடை. ஒரே வித்தியாசம், சுவர்களுக்குள் குளிர்க் குழாய் ஓடியது. கதவைச் சாத்தினால் உள்ளே மார்கழி. கரண்ட் போவது என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கதையாகத்தான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் புவனா மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் முழங்காலைத் திட்டிக்கொண்டு மேலே ஏறினாள். கதவுக்கு மேல் இயந்திரம் தானாகவே ஒரு பலகை மாட்டியிருந்தது: புகலிடம்.

"வேற பேரு வெச்சிக்கிறாங்க?"

"ஆமாம்மா."

"வெச்சிக்கட்டும். சரியாத்தான் கீது."

பாயை விரித்து உட்கார்ந்தார்கள். தரை கதகதவென்று இருந்தது. கடல் இல்லை, கப்பல் விளக்கு இல்லை, தூரத்தில் புளியமரங்கள் இருட்டத் தொடங்கியிருந்தன. காற்று மட்டும் கொஞ்சம் வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம் என்றுதான் ரக்ஷிதா முதலில் நினைத்தாள். ஆனால் புவனா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் வர்லியே."

"எல்லாரும் அசதியா இருப்பாங்கம்மா."

"அசதி இல்லடி. உள்ள ஜில்லுனு கீது. எதுக்கு வருவாங்க?" புவனா சுவரில் சாய்ந்தாள். "நீ மாடியக் கொண்டாந்துட்ட. ஆளத்தான் கொண்டார முடியல. அதுக்கு நீ இன்னா பண்ணுவ, பாவம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் 'பாவம்' ரக்ஷிதாவைச் சுட்டது. சுவரை எழுதலாம், கதவை எழுதலாம். ராத்திரியில் பக்கத்துப் பாயிலிருந்து வந்த குறட்டையை எந்த மொழியில் எழுதுவது? இத்தனை பாடுபட்டும் கடைசியில் ஒரு காலி இடத்தைத்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் அபாயச் சங்கு ஊதியது.

கட்டடம் முழுக்க ஒலித்தது. தலைக்கு மேலே ஒரு மீட்பு ஊர்தி பறந்து வந்து வெளிச்சம் அடித்தது. "பதற்றம் வேண்டாம்" என்றது ஒரு பெண்குரல், செய்தி வாசிப்பதுபோல. "புகலிடத்தில் இருவர் அரை மணி நேரத்துக்கும் மேலாக இருக்கிறீர்கள். கட்டடத்தின் உள்ளே ஆபத்து என்று பதிவாகியுள்ளது. பாதுகாப்புக்காகக் கீழ்த்தளங்களின் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது."

சொல்லி முடிப்பதற்குள் பதினாறு வீடும் இருண்டது.

சங்கு நின்றது, குளிர்க் குழாய்களின் முனகல் நின்றது. பிறகு, இரண்டாவது மாடியிலிருந்து, நாற்பது ஐம்பது வயசுக் குரல் ஒன்று, பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தது.

"ஹோ..."

கீழிருந்து இன்னொரு குரல் அதைப் பிடித்துக்கொண்டது. பின்பக்கத்திலிருந்து இன்னொன்று. "கரண்ட் போச்சு டோய்!" என்று யாரோ கத்த, என்ன போனது என்று புரியாத பிள்ளைகளும் சேர்ந்து கத்தின. புவனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் எதிர் வீட்டு லோகேஷ் விசிறியோடு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி பாயோடு. அப்புறம் யார் யார் வந்தார்கள் என்று சொல்லி மாளாது. தலையணை, தண்ணீர் பாட்டில், பாதிச் சாப்பாட்டுத் தட்டு, அழுகிற குழந்தை. "ஏ மாடி, தள்ளி ஒக்காரு, பாய் விரிக்கணும்" என்றது ஒரு குரல். ரக்ஷிதா தள்ளி உட்கார்ந்தாள். யாரோ ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் வீசினார்கள். புஸ்ஸென்று அந்த வாசனை எழுந்தது.

போன் அதிர்ந்தது. ஜெபசிங்.

"வாலும் சேர்ந்து வரும்னு சொன்னேன்லா?" என்றார். "ஒண்ணும் பதறாதீங்க. எல்லாரும் கீழ எறங்குனா கரண்ட் தானா வந்துரும். எறங்கச் சொல்லுங்க."

ரக்ஷிதா சுற்றிலும் பார்த்தாள். அம்மா யாருடைய தட்டிலிருந்தோ எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்றேன் சார்."

"நாளைக்கு ஏறுனா நாளைக்கும் போவும், பாத்துக்கிடுங்க."

"தெரியுது சார்."

கூட்டத்தின் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். "செரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மேலே ஊர்தி வட்டமடித்துவிட்டுத் தாழ இறங்கியது. வெளிச்சம் நடுவில் உட்கார்ந்திருந்த புவனாவின் மேல் விழுந்தது. "புகலிடத்தில் தற்போது ஐம்பத்தெட்டுப் பேர் இருக்கிறீர்கள்" என்றது குரல். "நிலைமையைத் தெரிவிக்கவும். ஆபத்து நீங்கிவிட்டதா?"

புவனா கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். வலிக்கிற காலைப் பாயில் சாவகாசமாக நீட்டினாள்.

"இன்னும் இல்லம்மா" என்றாள். "நீ போய்ட்டு காலைல வா."